கசெட்டுக்குள் 52 கிலோமீற்றர்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கலியாணம் முடிந்தால், அடுத்த சில நாட்களில் அந்த வீட்டில் ஒரு கேள்வி எழும்: "ஆர் வெளிநாட்டுக்கு வெளிக்கிடினம்?" லண்டனுக்கோ பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ போகிற ஒருவர் அகப்பட்டால் போதும். அவருடைய பையில் மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் நடுவே ஒரு வீடியோ கசெட்டும் ஏறிவிடும். கலியாணத்துக்கு வர முடியாத அண்ணனும் அக்காவும் அதைப் போட்டுப் பார்த்துத்தான் தங்கைச்சியின் கழுத்தில் தாலி ஏறியதைக் கண்டார்கள்.

அந்தக் கசெட் ஊருக்கு ஊர் வேறு விதமாக நடந்துகொண்டது. லண்டனில் வண்ணத்தோடு ஓடியது. பாரிசில், அந்த நாட்டு ஒளிபரப்பு முறை மட்டும் தெரிந்த பழைய வீடியோ டெக்கில் போட்டால், கூறைச் சேலையின் சிவப்பு மறைந்து எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிடும். ரொறன்ரோவிலோ படம் நிலைகொள்ளாமல் கோடு கோடாக உருளும். கடையில் காசு கொடுத்து வேறு முறைக்கு மாற்றி எடுத்தால்தான் மணமக்களின் முகம் தெரியும்.

இன்று அதே வெள்ளவத்தையில் எடுத்த வீடியோ சில நிமிடங்களில் ரொறன்ரோவில் ஒரு கைபேசியில் ஓடுகிறது. என்ன முறை என்று எவரும் கேட்பதில்லை. ஒரு வீட்டு வீடியோ கமராவிலிருந்து இணையத்துக்குப் போகும் அந்தப் பாதை, கடந்த பல பத்தாண்டுகளில் மனிதர் கண்டுபிடித்த மிக நுட்பமான சில வித்தைகளைக் கடந்து செல்கிறது. அலுமாரிக்குள் இன்னும் கசெட் வைத்திருக்கும் வீடுகளுக்கு அந்தப் பாதையை அறிந்துகொள்வது அவசரமான தேவையும்கூட.

மின்சாரம் போட்ட எல்லை

ஊருக்கு ஊர் முறை மாறியதற்கு வேர்க்காரணம் சுவரில் இருக்கும் மின்சாரம். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை திசை மாறி மாறி அலைகிறது. வட அமெரிக்காவில் 60 தடவை. ஆரம்பகாலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் மின்சார அலையும் பட வேகமும் பொருந்தாவிட்டால் திரையில் பட்டைகள் ஊரும். எனவே பொறியியலாளர்கள் பட வேகத்தை மின்சாரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். இங்கே படம் 625 கோடுகளாலானது. செக்கனுக்கு 50 அரைப்படங்கள் வரும். முதலில் ஒற்றைக் கோடுகள், பிறகு இரட்டைக் கோடுகள் என்று இரண்டு அரைப்படங்கள் சேர்ந்தே ஒரு முழுப்படம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 525 கோடுகள், ஏறத்தாழ 60 அரைப்படங்கள்.

வண்ணம் வந்தபோது பிளவு இன்னும் கூடியது. அமெரிக்காவின் முறை என்.ரி.எஸ்.சி. ஜேர்மனியில் வால்ட்டர் புரூக் உருவாக்கிய முறை பால். பிரான்சின் முறை செக்காம். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி பால் முறையிலேயே வந்தது. நம் வீட்டுக் கமராக்களும் டெக்குகளும் அதையே பின்பற்றின. பிரான்சிலும் 625 கோடுகள்தான் என்பதால் நம் கசெட்டின் உருவம் அங்கே தெரிந்தது, வண்ணக் குறிப்பு மட்டும் புரியவில்லை. கனடாவின் டெக்குக்குக் கோடுகளின் எண்ணிக்கையே பிழைத்துவிட்டது.

சாய்வாக எழுதும் தலை

கசெட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமான பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பசை, பசைக்குள் நுண்ணிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள். கமராவுக்குள் விழுந்த ஒளி மின்னாகி, மின் காந்தமாகி, இந்தத் துகள்களை ஒரு திசைக்குத் திருப்பி வைக்கும். பாட்டுக் கசெட்டிலும் இதுவேதான் நடந்தது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. காதுக்குக் கேட்கும் ஒலியில் செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் இல்லை. படத்துக்கோ 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிய வேண்டும்.

அவ்வளவையும் எழுத, பதிவுத் தலைக்கு முன்னால் நாடா செக்கனுக்கு ஏறத்தாழ 4.85 மீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். மூன்று மணி நேரக் கலியாணத்துக்குக் கணக்குப் பார்த்தால் 52 கிலோமீற்றர் நாடா வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு முனையைப் பிடித்துக் காலி வீதி வழியே இழுத்துக்கொண்டு போனால் களுத்துறையையும் தாண்டிவிடும். ஆனால் மூன்று மணி நேரக் கசெட்டில் இருப்பது ஏறத்தாழ 250 மீற்றர் நாடாதான்.

மிச்சத்தை எங்கே ஒளித்தார்கள்? நாடாவை மெல்ல நகரவிட்டு, தலையைச் சுழலவிட்டார்கள். ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். முறையில், 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உலோக உருளையில் இரண்டு தலைகள் எதிரெதிராக இருக்கும். நம்முடைய பால் டெக்கில் அந்த உருளை செக்கனுக்கு 25 தடவை சுழலும். நாடா அதைச் சற்றுச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு செக்கனுக்கு இரண்டரை சென்ரிமீற்றருக்கும் குறைவாக ஊர்ந்து செல்லும். ஒவ்வொரு தலையும் நாடாவின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுக்கும். இந்தச் சாய்வுக் கோடு ஒன்றில் ஓர் அரைப்படம் முழுதும் அடங்கும். கோட்டின் அகலம் 49 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. மூன்று மணி நேரத்தில் இப்படி 5,40,000 கோடுகள். வீதி நீளத்துக்குப் போயிருக்க வேண்டிய எழுத்தை மடித்து மடித்துக் கைக்குள் அடங்கும் பெட்டியில் வைத்துவிட்டது இந்த வித்தை.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு அந்தக் கோடுகளை வாசிக்க வேண்டுமானாலும் அதே வேகத்தில், அதே சாய்வில், இம்மியும் பிசகாமல் ஓடும் தலை தேவை. ஒரு கசெட்டை வெறும் கண்ணால் பார்த்து எதையும் அறிய முடியாது. டெக் இல்லாவிட்டால் அதற்குள் இருப்பது துருவேறிய பிளாஸ்டிக் மட்டுமே.

இரு உலகுக்கும் பொதுவான ஓர் எண்

கசெட்டைக் கணினிக்குள் கொண்டுவர, டெக்கின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களைச் செருகி, மறுமுனையை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் பொருத்துகிறோம். நடுவில் இருக்கும் சிறு கருவி, தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னலையைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்ணாக எழுதுகிறது. செக்கனுக்கு எத்தனை தடவை அளப்பது? 1982இல் சர்வதேச அளவில் உடன்பட்ட எண் 1,35,00,000.

இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் ஓர் அழகு இருக்கிறது. நம் முறையில் செக்கனுக்கு 15,625 படக் கோடுகள் வரும். 1,35,00,000ஐ அதனால் வகுத்தால் மிச்சமின்றி 864 கிடைக்கும். வட அமெரிக்க முறையின் கோட்டு வேகத்தால் வகுத்தால் அங்கும் மிச்சமின்றி 858. இரண்டு உலகத்துக்கும் பொருந்தும் எண்ணைத் தேடித்தான் இதைப் பிடித்தார்கள். இரண்டிலும் ஒரு கோட்டுக்குப் படமாகத் தெரிவது 720 புள்ளிகள். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலிருந்த பிணக்கு இந்த எண்ணில் தீரத் தொடங்கியது. எண்ணாகிவிட்ட படத்துக்கு மின்சாரத்தின் வேகத்தோடு எந்த உறவும் இல்லை.

ஆனால் எண்கள் பெருகிவிடும். நம் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. ஒரு முழுப்படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட், செக்கனுக்கு 25 படம் என்றால் 20.7 மெகாபைட். மூன்று மணி நேரக் கலியாணம் 224 ஜிகாபைட். இதை இப்படியே இணையத்தில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

எதை விடலாம் என்று தெரிந்த கணக்கு

படத்தைச் சுருக்கும் கலை, கண் எதைக் கவனிக்காது என்ற அறிவிலிருந்து தொடங்குகிறது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் மிக நுணுக்கமாகப் பிடிக்கும்; நிறத்தின் எல்லைகளை அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. ஆகவே வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக எழுதினாலும் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

அடுத்த வித்தை கணிதம். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது 1972இல் ஒரு யோசனையை முன்வைத்து ஆய்வு நிதி கேட்டார். இது மிக எளிமையானது என்று கருதி நிதியை மறுத்தார்கள். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். படத்தை 8 × 8 சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு சதுரத்தின் 64 புள்ளிகளையும் 64 அலை வடிவங்களின் கூட்டாக மாற்றி எழுதுங்கள் என்பதே பின்னாளில் அந்த யோசனை எடுத்த வடிவம். புள்ளிகளாக இருந்தபோது 64 எண்களும் முக்கியமானவை. அலைகளாக மாற்றியதும் ஒரு சில எண்கள் பெரிதாகி, மற்றவை பூச்சியத்தை நெருங்கிவிடும். பூச்சியத்தை நெருங்கியவற்றை விட்டுவிடலாம். நாம் அனுப்பும் ஜேபெக் படங்களும், பார்க்கும் வீடியோக்களில் மிகப் பெரும்பாலானவையும் இந்தக் கணக்கின் வழிவந்தவை. நிதி கிடைக்காத அந்த எளிமையான யோசனை இன்று எல்லாருடைய சட்டைப் பைக்குள்ளும் இருக்கிறது.

மூன்றாவது வித்தை அசைவைப் பற்றியது. கலியாண மண்டபத்தில் மணவறை ஒரு மணி நேரமும் அசையாமல் நிற்கிறது. செக்கனுக்கு 25 தடவை அதைத் திருப்பித் திருப்பி எழுதுவானேன்? ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த படங்களில் மாறியதை மட்டும் எழுதினால் போதும். ஐயரின் கை இடமிருந்து வலம் நகர்ந்தால், "அந்தச் சதுரம் இவ்வளவு தூரம் தள்ளிப் போனது" என்று மட்டும் குறித்தால் போதும். 2003இல் வெளிவந்து இன்றும் எங்கும் புழங்கும் எச்.264 முறை இதை மிகக் கவனமாகச் செய்கிறது. 224 ஜிகாபைட் கலியாணம் அதில் ஏறத்தாழ 2.7 ஜிகாபைட்டாக, எண்பதில் ஒரு பங்காக, ஒடுங்கிவிடும்.

இந்தக் கணக்கு திணறும் இடமும் உண்டு. கெட்டிமேளம் கொட்டத் தாலி ஏறுகிறது. நாலு பக்கத்திலிருந்தும் அறுகரிசி பறக்கிறது. ஓமப் புகை கலைகிறது. கூறையின் சரிகை மின்னுகிறது. ஒவ்வோர் அரிசியும் தன் வழியில் போவதால் முந்தைய படத்தை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது. கொடுத்த பைட் அளவு போதாவிட்டால் படம் அந்தக் கணத்தில் கட்டம் கட்டமாக உடையும். மூன்று மணி நேரத்தில் எல்லாரும் பார்க்க விரும்பும் அந்த ஒரு நிமிடம்தான் சுருக்கும் கணக்குக்கு மிகக் கடினமான நிமிடம். வீடியோவை மாற்றும்போது பைட் அளவைக் கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பழைய நாடாவின் புள்ளி மழைக்கும் இதே குணம். அது எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. மங்கிய கசெட்டிலிருந்து எடுத்த படம், தெளிவான படத்தை விட அதிக பைட் கேட்பதன் காரணமும் அதுவே.

வெள்ளவத்தையிலிருந்து கடலுக்கு

சுருக்கிய கோப்பை இனி ஏற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பியில் வந்த ஏ.டி.எஸ்.எல். காலத்தில் இது பொறுமையைச் சோதித்த வேலை. அந்தக் கம்பியில் 25 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதியை வீட்டிலிருந்து அனுப்புவதற்கும், அங்கிருந்து 1,104 வரையிலான பெரும் பகுதியை வீட்டுக்குப் பெறுவதற்கும் ஒதுக்கியிருந்தார்கள். வீடு என்பது பார்க்கும் இடம், படைக்கும் இடம் அல்ல என்ற எண்ணம் கம்பிக்குள்ளேயே பதிந்திருந்தது. செக்கனுக்கு 512 கிலோபிட் வேகத்தில் 2.7 ஜிகாபைட் கலியாணத்தை ஏற்றக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் வேண்டும். சுருக்காத 224 ஜிகாபைட்டை ஏற்றப் பார்த்தால் 40 நாள். இன்று ஒளியிழை இணைப்பில் 10 மெகாபிட் வேகம் கிடைத்தாலே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஏறும் கோப்பு ஒரே துண்டாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட பொதிகளாகப் பிரிகிறது. நம் கலியாணம் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள். ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் முகவரியும் உண்டு. மறுமுனைக்கு வந்து சேராததைத் திரும்பக் கேட்டு வாங்குவார்கள். வழியில் எத்தனை பொதி தொலைந்தாலும் இறுதியில் கோப்பு ஒரு பிட் குறையாமல் சேர்ந்துவிடும்.

வெள்ளவத்தைக்குத் தெற்கே தெகிவளை தாண்டினால் கல்கிசை. ஜேர்மனியிலிருந்து ஜப்பான் வரையும் அவுஸ்திரேலியா வரையும் 39,000 கிலோமீற்றர் நீண்ட சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் கரையேறியது அங்கேதான். தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைத்த பாரத்-லங்கா கேபிள் 2006இல் வந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ நேர்த்தூரத்தில் சுமார் 14,000 கிலோமீற்றர். கேபிளின் வழி அதைவிட நீளம். அப்படியிருந்தும் ஒரு பொதி செக்கனின் சிறு பின்னத்தில் அங்கே சேர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அதே தூரத்தைக் கடக்க, கசெட் பயணி ஒருவரைத் தேடி வாரக்கணக்கில் அலுமாரியில் காத்திருந்தது.

கோப்பு சேர்ந்த இடத்தில் இன்னொரு வேலை நடக்கிறது. யூடியூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23ஆம் திகதி ஏறியது. நிறுவனர்களில் ஒருவரான ஜாவெட் கரீம் சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில் நின்று பேசும் 19 செக்கன் காட்சி. அதுவும் ஒருவகை வீட்டு வீடியோதான். அதற்கு முன் இணைய வீடியோக்கள் ரியல் பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா என்று பிரிந்து கிடந்தன. ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. பழைய பால், செக்காம், என்.ரி.எஸ்.சி. பிணக்கு கணினிக்குள் மறுபடி பிறந்திருந்தது. எந்த வடிவில் கொடுத்தாலும் வாங்கி, தானே ஒரே வடிவுக்கு மாற்றிக் காட்டியது யூடியூப். அதன் வெற்றிக்கு இது ஒரு பெரிய காரணம். இன்று இத்தகைய தளங்கள் ஒரு வீடியோவைப் பல அளவுகளில் மாற்றி, சில செக்கன் நீளத் துண்டுகளாக வெட்டி வைக்கின்றன. பார்ப்பவரின் இணைப்பு மெலிந்தால் அடுத்த துண்டு சிறிய அளவில் வரும். வலுத்தால் பெரிய அளவில் வரும்.

இணையம் காப்பறை ஆகாது

இவ்வளவையும் வியந்து பார்த்துவிட்டு, ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பாதையின் பல படிகளில் ஏதோ ஒன்று கழிகிறது. தளம் தன் வசதிக்கு மறுபடி சுருக்கிக் காட்டும் படம் மூலப் படமல்ல. தளங்களும் நிரந்தரமல்ல, கூகுள் வீடியோ என்ற தளம் 2009இலேயே புதிய வீடியோக்களை ஏற்பதை நிறுத்தி, பிறகு மூடப்பட்டது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்த கலியாண வீடியோவுக்கு, 2007 முதல் யூடியூபில் இயங்கும் உரிமை அறியும் பொறி ஒலியை அடைக்கலாம், வீடியோவையே மறைக்கலாம். ஆகவே இணையத்தை உறவினருக்குக் காட்டும் சாளரமாக வையுங்கள். காப்பதற்கு நல்ல தரத்தில் ஒரு மூலக் கோப்பைத் தனியே, இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று வெள்ளவத்தையில் இருக்கட்டும், மற்றது ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கட்டும்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைக்கவும் கூடாது. சாமத்திய வீட்டு வீடியோவில் இருப்பவர் அன்று சிறுமி. இன்று வளர்ந்துவிட்ட அவரிடம் கேட்காமல் அதை உலகத்துக்குக் காட்டும் உரிமை பெற்றோருக்குக்கூட இல்லை என்பதே என் உறுதியான கருத்து. தெரிந்தெடுத்தவர் மட்டும் பார்க்கும் வசதி பல தளங்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். கோயில் திருவிழா, நாடகம், கூத்து போன்ற பொதுவான பதிவுகள் இருந்தால் அவற்றின் இடம் வேறு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், ஒலி, ஒளிப் பதிவுகளுக்கென ஆவணகம் என்ற இணையக் களஞ்சியத்தை நடத்துகிறது.

காலம் மட்டும் நம் பக்கம் இல்லை. நாடாவின் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். வெள்ளவத்தை மரைன் டிரைவ் ஓரத்து வீடுகளுக்குக் கடற்காற்று இடைவிடாமல் ஈரத்தைக் கொண்டுவருகிறது. கசெட்டின் சாளரத்தில் வெள்ளையாகப் படிவது பூஞ்சணம். அந்தக் கசெட்டை டெக்கில் போட்டால் தலையும் கெடும், நாடாவும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். அதைப் பழக்கப்பட்டவரிடம் கொடுத்துத் துப்புரவாக்க வேண்டும். உலகில் கடைசிவரை டெக் உற்பத்தி செய்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்று 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களை எண்களாக மாற்றுவதற்கு 2025ஐக் கெடுவாகக் குறித்து எச்சரித்தது. அந்தக் கெடு கடந்துவிட்டது.

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எரிந்த வீடுகளோடு குடும்பங்களின் அல்பங்களும் எரிந்தன. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் புறப்பட்டவர்கள் எல்லாப் படங்களையும் எடுத்து வரவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்களில் சிலவற்றுக்கு, இடிந்துபோன வீட்டின் முற்றமும், மறைந்துபோன அப்பம்மாவின் நடையும், அவருடைய குரலும் இருப்பது ஒரு கசெட்டில் மட்டுமே.

அந்தக் கசெட்டை இந்த மாதமே வெளியே எடுங்கள். மிகப் பழையதை முதலில் மாற்றுங்கள். மாற்றிய கோப்பை வீட்டில் மூத்தவரோடு உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். திரையில் வருகிறவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக் கோப்போடு சேர்த்து வையுங்கள். படத்தை 80 மடங்கு சுருக்கத் தெரிந்த எந்தக் கணக்குக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது. அவற்றைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இன்று இருக்கிறார். இன்றே கேளுங்கள்.